ஏழு அடி ஒழுங்கை

காரின் அகலம் ஆறடி எட்டு அங்குலம்.
ஒழுங்கை ஏழடி.
நாலு வருசமாக எல்லாவற்றையும் அளந்த நாங்கள்
இதை மட்டும் கடைசிக் கிழமைதான் அளந்தோம்.

கொக்குவிலில், மூடிப்போன ஐஸ் பக்டரியின் பின்கொட்டிலில்
மூன்று பேர் சேர்ந்தது கொம்பனி.
பதிவுக் கட்டணம் சுகிர்தனின் கழுத்துச் சங்கிலி.
உடம்பை வார்த்தவன் குருநகர் நெல்சன்.
அதுவரை படகு மட்டுமே வார்த்த கை;
அதனால் காரின் வயிறு இன்னும்
ஓர் அலையை எதிர்பார்த்தபடி வளைந்திருக்கிறது.
எஞ்சின் இரண்டு,
இரண்டும் மோட்டர்சைக்கிள்களிலிருந்து எடுத்தவை.
ஒன்றை ஒன்று இழுத்துப் பறிக்காமல்
ஒரே மூச்சில் ஓடச் சொல்லிக்கொடுத்தது நான்,
மீன் பார்க்கும் கருவிகள் திருத்திய அதே மேசையில்.

இருக்கை எனக்கு மட்டும்தான் அளவு.
சுகிர்தன் ஒருமுறை இறங்கினான்;
வெளியே வரமுடியாமல்
மத்தியானச் சோற்றை உள்ளேயே தின்றான்.
"எமில்டா ஓடட்டும்" என்றான் கடைசிக் கவளத்தோடு.
அவ்வளவுதான் தேர்வு.

கந்தோரில்
'தயாரித்த நிறுவனம்' என்ற கட்டத்துக்கு மேல்
பேனையைப் பிடித்தபடி எழுதுவினைஞர் கனநேரம் இருந்தார்.
பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனார்.
போன மாசி மாதம் அது.

இடப்பக்கம் பரஞ்சோதியரின் கதியால் வேலி.
எட்டு அங்குல நிலத்துக்காக
ஐஸ் பக்டரியோடு பதினொரு வருசம் வழக்காடி
வென்றவர்.
அந்த எட்டு அங்குலம் எங்களிடம் இருந்திருந்தால்
பக்கக் கண்ணாடிகளைக் கழற்றியிருக்கத் தேவையில்லை.

விடியப்புறம் மூன்றரை.
எஞ்சின் உறுமியதும் டோர்ச் வெளிச்சம் வந்தது,
அதன் பின்னால் சாரம், அதன் பின்னால் அவர்.
"என்ர வேலி" என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
வெளிச்சம் கீழே இறங்கி முன்சில்லில் நின்றது.
"வா... வா... பொறு!
உன்ர பக்கம் ஒடி பிள்ளை, ஒரு நூல்... வா."
நாற்பது மீற்றர்.
இருபத்தாறு நிமிடம்.

பொன்னாலையில் காவல் நின்ற பெடியன்
காரின் மூக்கில் வெளிச்சம் பிடித்தான்.
இலச்சினை இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு ஆணித் துளைகள்.
"என்ன கொம்பனி?"
"நாங்கள்தான்."
நம்பாமல், ஆனால் சிரித்துக்கொண்டு
தடியைத் தூக்கினான்.

பாலத்தின் இரு பக்கமும் கடல்.
இரண்டாவது கியரில் தண்ணீர் தெரிந்தது,
நண்டுவலைக் கம்புகள் ஒவ்வொன்றாய்.
நாலாவதில் கம்புகள் சேர்ந்து வேலியாயின.
ஐந்தாவதில் வேலியும் இல்லை.
என் கழுத்தை யாரோ இரவல் வாங்கியிருந்தார்கள்.
நெல்சன் வளைத்த அந்த வயிறு
தனக்குரிய அலையைக் கண்டுபிடித்தது போல
ஒருதரம் அமர்ந்து, பிறகு அசையவே இல்லை.
பயம் வரும் என்று நினைத்தேன்.
வந்தது பசி.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.
அதற்கு மேல் ஓடியிருக்கும்,
காரைநகர் வந்துவிட்டது.

வலை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர்
திரும்பிப் பார்த்தபோது
பார்ப்பதற்குச் சத்தம் மட்டுமே மிஞ்சியிருந்தது.
சாட்சி என்று சொல்ல வேறு யாரும் இல்லை.

சந்தியில் வட்டமடித்துத் திரும்பி வந்தோம்.
மூக்கு வெளியே பார்க்க நிறுத்தினால்தான்
அடுத்தமுறை வெளிக்கிடலாம்.
பின்னுக்குப் போகும் கியர் இதில் இல்லை.
பாரம் என்று நெல்சன் சொன்னான்.
நானும் ஓம் என்றேன்.

ஆகவே தள்ள வேணும்.
பரஞ்சோதியர் அதே இடத்தில் நின்றார், பல்லில் வேப்பங்குச்சி.
"எவ்வளவு ஓடினது?" என்று கேட்கவில்லை.
"எங்கேயும் முட்டினதோ?" என்றார்.
இல்லை என்றேன்.
சாரத்தை மடித்துக் கட்டினார்,
மூக்கில் ஒரு கையை வைத்தார்,
சட்டென்று எடுத்தார்.

"சுடுதடி பிள்ளை."

பிறகு இரண்டு கையையும் வைத்தார்.